பிள்ளையின் பெயரை முழுதாக எழுதுங்கள்: காவிரிப் படுகையின் மூன்று மேசைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பிறப்பு இறப்புப் பதிவாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள்.

வணக்கம்.

பிள்ளைகளோடு வெளிநாடு போகும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பி, தாள்களைச் சரிபார்த்து அடுக்கிக் கொடுப்பவர்கள் நாங்கள். சிங்கப்பூர், துபாய், குவைத், லண்டன் என்று போகும் இடம் மாறும்; மாட்டிக்கொள்ளும் இடம் மாறுவதில்லை. ‘எம்பசியில் இழுத்தடிக்கிறார்கள்’ என்று பெற்றோர் சொல்வார்கள். கோப்பைப் பிரித்துப் பார்த்தால் அது எம்பசிக்கே இன்னும் போயிருக்காது. அப்பா போய் வேலையில் சேர்ந்து, வாடகைக்கு வீடும் பார்த்திருப்பார். பிள்ளையின் கோப்பு மட்டும் நகராட்சி ஜன்னலிலோ, துணை சுகாதார நிலையத்திலோ, பள்ளி அலுவலக அறையிலோ ஓர் எழுத்துக்காகவோ ஒரு தேதிக்காகவோ காத்துக் கிடக்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்து பல நாளாகியும் கடைமடை வாய்க்கால் காய்ந்து கிடக்குமே, அந்த மாதிரி.

ஆகவே இந்த மடல் தூதரகங்களுக்கு அல்ல, உங்களுக்கு. குறை சொல்ல எழுதவில்லை என்றால் அது பொய். கொஞ்சம் குறையும் உண்டு. பெரும்பகுதி, எந்த இடத்தில் ஏன் தவறுகிறது என்ற விவரம்.

பதிவாளர்களுக்கு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதை இப்போது எல்லா மருத்துவமனைகளும் பார்த்துக்கொள்கின்றன. பதிவு நடந்துவிடுகிறது, பெயர்தான் இருப்பதில்லை. நம் பக்கத்தில் பெயர் முடிவாவது மருத்துவமனையில் அல்ல. ஜாதகம் எழுதி, எழுத்துப் பார்த்து, சில வீடுகளில் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும் நாளில்தான் பெயர் உறுதியாகும். அதற்குள் பெயர்க் கட்டம் காலியாக உள்ள சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இந்த 12 மாதக் கணக்குப் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. தெரியவருவது, பிள்ளைக்கு ஐந்து வயதாகி, அப்பா ‘டிக்கெட் போடலாம்’ என்று போன் செய்யும் வாரத்தில்.

இதுவரை இது பெரிதாக வெளியே தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஆதாரையோ பள்ளிச் சான்றையோ காட்டியே பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிட முடிந்தது. இப்போது நிலைமை வேறு. 1.10.2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகளில் செய்த திருத்தம் அது. அதற்கு முன் பிறந்த பிள்ளை வேறு சான்றைக் கொண்டு பாஸ்போர்ட் எடுத்தாலும் தப்பிக்க முடியாது. பிள்ளை இந்தப் பெற்றோருடையதுதான் என்று காட்ட, விசா கொடுக்கும் நாடுகள் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்கின்றன. ஆதாரில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொன்று அல்லது வெறும் கட்டம் என்பது அப்போதுதான் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படுகிறது.

உங்களிடம் முதல் வேண்டுகோள்: பெயரில்லாத சான்றிதழைக் கையில் கொடுக்கும்போதே பெயர் சேர்க்கக் கடைசி நாள் இன்னது என்று தேதியாக எழுதிக் கொடுங்கள். ‘ஒரு வருஷத்துக்குள்ள வாங்க’ என்று வாயால் சொன்னால் நிற்காது.

இரண்டாவது, இனிஷியல். இதில் விழும் குழிதான் எல்லாவற்றிலும் ஆழம். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. சொந்தப் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். செ. முருகன் என்பவர் பாஸ்போர்ட்டில் ‘முருகன் செல்வராசு’ ஆகிறார். அவர் மகன் கவின், ‘கவின் முருகன்’ ஆகிறான். அம்மா தன் அப்பா பெயரோடு பாஸ்போர்ட் எடுத்திருந்தால் ‘தேன்மொழி கோவிந்தசாமி’. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். நமக்கு இது இயல்பு. குடும்பத்துக்கு ஒரே பெயர் இருந்து பழகிய நாட்டு அதிகாரிக்கு, இந்த மூவரையும் இணைக்கும் ஒரே தாள் பிறப்புச் சான்றிதழ். அந்தத் தாளில் தந்தை பெயர் ‘எஸ். முருகன்’ என்றும், தாய் பெயர் ‘எம். தேன்மொழி’ என்றும் இருந்தால்? ‘எஸ்’ என்றால் செல்வராசு என்று யார் சொன்னது? அம்மா பெயருக்கு முன் உள்ள ‘எம்’ கணவர் பெயரின் முதலெழுத்து. அவருடைய பாஸ்போர்ட்டிலோ அது இல்லவே இல்லை. ‘இருவரும் ஒருவரே’ என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். சில இடத்தில் ஏற்கிறார்கள், சில இடத்தில் சான்றிதழையே திருத்திக்கொண்டு வா என்கிறார்கள்.

இது எங்கே தொடங்குகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனையில் பிறப்பு அறிக்கைப் படிவத்தை நிரப்பும் நேரத்தில் அம்மா படுக்கையில் இருப்பார், அப்பா வேலையில் இருப்பார். ஜன்னலில் நிற்பவர் தாய்மாமனோ சித்தப்பாவோ. அவர் வாயில் வந்ததைச் சொல்வார், உள்ளே இருப்பவர் காதில் விழுந்ததை எழுதுவார். படிவம் நிரப்பும்போது பெற்றோர் இருவருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். இருந்தால் அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து படியெடுங்கள். இல்லையென்றால் இனிஷியலை விரித்து எழுதுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம் ஆகாது.

மூன்றாவது, ஆங்கில எழுத்து. நம் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. வெளிநாட்டில் படிப்பது ஆங்கிலப் பக்கத்தை மட்டும். யாழினியின் ‘ழ’வுக்கு என்ன எழுத்து, தர்ஷினியில் ‘எச்’ எத்தனை என்பதெல்லாம் அங்கே பெயரின் உயிர். இதோடு எண்கணிதம் வேறு. பதிவு செய்து ஆறு மாதம் கழித்து யாரோ பார்த்துச் சொன்னார் என்று ஓர் ‘ஏ’ கூட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் கூட்டிய ஏ, சான்றிதழில் கூட்டாத ஏ. கூட்டல் பலன் என்னவோ, விசா தள்ளிப்போவது நிச்சயம். எழுத்துப்பிழையை 15-ஆம் பிரிவின் கீழ் நீங்களே திருத்தலாம். வைத்த பெயரையே மாற்றுவது வேறு, அதற்கு அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். எது பிழைதிருத்தம், எது பெயர்மாற்றம் என்று ஜன்னலிலேயே பிரித்துச் சொல்லிவிட்டால் மக்கள் மூன்று முறை அலைய வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் ஆங்கிலப் பக்கத்தைப் பெற்றோரையே படித்துப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்து ஊர். பிறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகும். வசிக்கும் ஊரில் அல்ல. தாய்வீடு கும்பகோணம், புகுந்த வீடு பேராவூரணி என்றால் சான்றிதழ் கும்பகோணத்துடையது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘பிறந்த ஊர்’ என்ற இடத்தில் மக்கள் பாசத்தோடு சொந்த ஊரைப் போட்டுவிடுகிறார்கள். மாவட்டமும் அப்படியே. நாகப்பட்டினம் 1991-இலும், திருவாரூர் 1997-இலும், மயிலாடுதுறை 2020-இலும் பிரிந்தவை. 2014-இல் சீர்காழியில் பிறந்த பிள்ளையின் சான்றிதழ் நாகப்பட்டினம் மாவட்டம் என்று சொல்லும். ஆதார் முகவரி மயிலாடுதுறை என்று சொல்லும். எது சரி என்று வாதாட வேண்டாம். சான்றிதழில் அச்சாகியிருப்பது எதுவோ அதுதான் விண்ணப்பத்திலும் போக வேண்டும்.

காரைக்காலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நன்னிலம், தரங்கம்பாடி, நாகூர்ப் பக்கத்தில் இருந்து பிரசவத்துக்குக் காரைக்கால் போவது புதிதல்ல. பஸ் ஏறினால் அரை மணி, ஒரு மணி. ஆனால் அங்கே பிறந்தால் சான்றிதழ் புதுச்சேரி ஒன்றியப் பகுதியுடையது. வெளிநாட்டுக்காக அந்தத் தாளுக்குச் சான்றொப்பம் வாங்கும்போது முதல் கையெழுத்துப் புதுச்சேரி அரசுடையது, சென்னைக் கோட்டையினுடையது அல்ல. இது தெரியாமல் தமிழ்நாட்டு அலுவலகங்களில் கொடுத்துத் திரும்பிவரும் கோப்புகள் உண்டு.

இன்னொரு கூட்டம், வெளிநாட்டில் கருவுற்று ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஊர் திரும்பும் பெண்கள். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய, கர்ப்பத்தைப் பதிந்ததும் சுகாதாரத் துறை தரும் பிக்மி எண் வேண்டும். ஊரில் இல்லாததால் அவர்களுக்கு அந்த எண் இருக்காது. இறங்கிய வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் வெளிநாட்டு ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களோடு போய்ப் பதிந்துவிட்டால் சிக்கலே இல்லை. பிரசவம் முடிந்த பிறகு ஓடினால், விளக்கம் எழுதி, கையெழுத்து வாங்கி, அதற்குள் 21 நாள் கழிந்துவிடும். முப்பது நாளும் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி, ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் வரை போகும் விவகாரம்.

பாஸ்போர்ட்டைப் பற்றி நீங்கள் மக்களுக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் ‘அனெக்ஷர் டி’ உறுதிமொழியை 2016 டிசம்பர் முதல் வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். இன்னமும் பத்திரத்தாள் வாங்கி நோட்டரியிடம் போகிறார்கள், வேண்டியதில்லை. அப்பா ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தால், அவர் ஒப்புதலை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்வார்கள். அதற்கு அவர் ஒருநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 15 வயதுக்கு உட்பட்டவர் பாஸ்போர்ட் 5 ஆண்டு, அல்லது 18 முடியும் வரை, எது முந்தியோ அதுவரை செல்லும். நான்காம் ஆண்டில் இருக்கும் பாஸ்போர்ட்டை வைத்து விசாவுக்குப் போனால் விசாவும் அதற்கேற்பக் குறுகிவிடலாம். போகும் முன் புதுப்பிப்பதே லாபம்.

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு

தடுப்பூசி அட்டை இந்த ஊரில் ஒரு நினைவுக் குறிப்பு. வெளிநாட்டுப் பள்ளியில் அது நுழைவுச்சீட்டு. சிங்கப்பூரில் வெளிநாட்டில் பிறந்த 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு நீண்டகால அனுமதி கேட்டால், தொண்டை அடைப்பானுக்கும் தட்டம்மைக்கும் ஊசி போட்டதற்குச் சான்று காட்டியாக வேண்டும். 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறை. நீங்கள் ஊசியை ஒழுங்காகப் போட்டுவிடுகிறீர்கள். அதில் எங்களுக்கு ஐயமில்லை. தாளில்தான் கோளாறு.

கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள், தேதி எழுதுங்கள். தேதியிலும் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 05/08 என்பது நமக்கு ஆகஸ்ட் 5. அமெரிக்கப் பள்ளிச் செவிலியருக்கு மே 8. பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஊசி போட்டதுபோல ஆகிவிட்ட அட்டைகளும் உண்டு. ‘பென்டா’ என்று மட்டும் எழுதினால் அங்கே புரியாது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் என்று ஐந்தையும் ஆங்கிலத்தில் ஒருமுறை விரித்து அட்டையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். மூன்று தவணைக்கும் சேர்த்து அதுவே போதும்.

தட்டம்மைக் கணக்கை நிதானமாகச் சொல்கிறோம், ஏனெனில் நன்றாகப் படித்த பெற்றோரும் இதில் தடுமாறுகிறார்கள். அரசு அட்டவணையில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஆக இரண்டு. அமெரிக்கப் பள்ளிகள் கேட்பதும் இரண்டு. ஆனால் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை அங்கே கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே நம் இரண்டு, அங்கே ஒன்று. மேலும் அவர்கள் கேட்பது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த மூன்று நோய் ஊசி. நம் அரசு ஊசியில் பொன்னுக்கு வீங்கி இல்லை. குழந்தை நல மருத்துவரிடம் போய் மூன்று நோய் ஊசியாகப் போட வேண்டியிருக்கும். இது உயிருள்ள கிருமியைத் தளர்த்திச் செய்த ஊசி என்பதால், இந்த வகையில் இரண்டை ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நடுவே குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். புறப்படும் வாரத்தில் வந்து நின்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. மூன்று மாதம் முன்பே அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சொட்டு மருந்தும் அப்படித்தான்: 2016 ஏப்ரல் முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தை அமெரிக்கா எண்ணுவதில்லை, ஊசியைத்தான் கேட்கும். இங்கே போட்டது வீண் என்று இதற்குப் பொருளில்லை; நம் ஊருக்கு நம் அட்டவணை சரியானதே. அந்தந்த நாடு தன் கணக்கைத் தான் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு விட்டுப்போன தவணை கையில் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா முகாமில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஊசி போட்டீர்கள். முதல் பிறந்தநாளுக்குப் பின் அதைப் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு அது செல்லுபடியாகும் தவணை. பலருடைய அட்டையில் அது ஏறவே இல்லை. உங்கள் பதிவேட்டில் இருந்தால் தேதியோடு எடுத்து எழுதிக் கொடுங்கள். பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் டிடி ஊசியும் இதே கதைதான். பிள்ளை கையில் பஞ்சோடு வீட்டுக்குப் போகிறது, தாள் எதுவும் போவதில்லை. முத்திரை வைத்த சிறு சீட்டு ஒன்று கொடுத்துவிடுங்கள்.

பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை உண்டு. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் மட்டும்தான் எடுக்க வேண்டும். 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பொதுவாக எக்ஸ்ரே எடுப்பதில்லை, ஆனாலும் பிள்ளையை நேரில் கூட்டிப் போக வேண்டும். சான்று ஆறு மாதம்தான் செல்லும். மற்ற தாள் தயாராகும் முன் அவசரப்பட்டு எடுத்தால் காலாவதியாகிவிடும்.

தலைமையாசிரியர்களுக்கு

பெற்றோர் உங்களிடம் வந்து முதலில் கேட்பது மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. நாங்கள் சொல்வது, அது கடைசியில் வாங்க வேண்டிய தாள். விசா வருமுன் டி.சி. வாங்கினால், பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேடான எமிஸில் பிள்ளை உங்கள் பள்ளியை விட்டுப் பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. கேட்டால் மறுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உடனே கொடுக்கச் சொல்கிறது. ஆனால் விளக்கிச் சொல்லலாம். வெளிநாட்டுப் பள்ளியில் இடம் கேட்கப் படிப்புச் சான்றும் கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியலும் போதும். அவற்றை ஆங்கிலத்தில், பள்ளியின் முழு முகவரியோடு, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்தோடு கொடுங்கள். வளைகுடாப் பள்ளிகள் டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பதுண்டு. டி.சி. கொடுக்கும் நாளிலேயே இதையும் சொல்லிவிட்டால், துபாயில் இருந்து கூரியரில் தாளைத் திருப்பி அனுப்பி மேலொப்பம் வாங்கும் கூத்து நடக்காது.

விசா வரும் வரை பொறுக்கச் சொல்வதற்குக் காரணம், பிள்ளையை அழைத்துப்போக முடியுமா என்பதே பல வீடுகளில் உறுதியாவதற்கு முன் டி.சி. கேட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் பிள்ளைகளை அழைக்கவே முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற மேல்நிலை அனுமதிகள் வைத்திருப்பவருக்கு மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். சவூதியில் அழைக்கலாம், ஆனால் உடன் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம். இரண்டு பிள்ளையும் மனைவியும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு மன்னார்குடியிலேயே பிள்ளையைப் படிக்க வைப்போம் என்று முடிவெடுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல.

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பாகவோ அரசு உதவித்தொகையில் படிப்பதாகவோ இருந்தால் தவிர, பிள்ளைகளை உடன் அழைக்க முடியாது. முதுகலைக்கு இடம் கிடைத்ததை நம்பிப் பிள்ளையின் டி.சி.யையும் வாங்கிவிடுகிறார்கள். அங்கே முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக விண்ணப்பித்தோருக்கும் 2024 மார்ச் 11 முதல் அந்த வழி அடைபட்டது. செவிலியர்கள் அழைக்கலாம், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அம்மா செவிலியராகப் போகிறார், அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறார், பிள்ளை அம்மாவோடு என்றால், பிள்ளையின் முழுப் பொறுப்பும் அம்மாவுடையது மட்டுமே என்று நிறுவச் சொல்வார்கள். சேர்ந்து வாழும் தம்பதிக்கு அது நடக்காத காரியம். பெற்றோர் இருவரும் போனால்தான் பிள்ளைக்கு விசா எளிது.

வகுப்புக் கணக்கையும் ஒரு வரி சொல்லி அனுப்புங்கள். சிங்கப்பூரில் 7 வயது நிறையும் ஆண்டில்தான் முதல் வகுப்பு. இடையில் சேரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணிதமும் கொண்ட நுழைவுத் தேர்வு உண்டு, அதன் வழியாக ஆறாம் வகுப்பில் சேர முடியாது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அழைத்துப்போவோர் இதை முன்பே எண்ண வேண்டும். இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்ததும் வரும் செப்டம்பரிலேயே பள்ளி.

இனி நீங்கள் மட்டுமே சொல்லக்கூடியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை முழுக்கப் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகையும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்ததை வைத்துத்தான். தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு அரசு வேலை ஒதுக்கீட்டுக்கும் பள்ளிப்படிப்பு முதலே தமிழ் வழி வேண்டும். ஏழாம் வகுப்பில் பிள்ளையை இரண்டு ஆண்டுக்கு மஸ்கட் அழைத்துப்போய்த் திரும்பி வந்தால் இவற்றின் கதவு அடைபடும். போகாதே என்று சொல்வதற்கில்லை. இழப்பது எது என்று தெரிந்து போகட்டும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு தெரிந்தால் அந்த வீட்டில் யார் முகத்தை யார் பார்ப்பது?

திரும்பி வரும் பிள்ளைகளுக்காக: எமிஸ் எண்ணைத் தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள், பழைய எண்ணிலேயே சேர்க்க முடியும். 6 முதல் 14 வயதுக்குள் இருந்தால் டி.சி. வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு தாளைப் பிறகு வாங்கலாம். தமிழ்ப் பாடம்தான் திரும்பி வரும் பிள்ளையின் பெரிய மலை. போகும்போதே அடுத்த இரண்டு வகுப்புகளின் தமிழ்ப் புத்தகத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். எடை பெரிதில்லை.

தாத்தா பாட்டியிடம் பிள்ளையை விட்டுப்போகும் வீடுகளில், பள்ளி விவகாரத்திலும் மருத்துவத்திலும் கையெழுத்திட இன்னாருக்கு அதிகாரம் என்று பெற்றோர் இருவரும் எழுதிய கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் பாட்டியோடு பிள்ளை விமானம் ஏறினாலும் அப்படியொரு ஒப்புதல் கடிதம் கையில் இருக்கட்டும்.

சான்றொப்பம்

இது மூன்று மேசைக்கும் பொது, சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு நாட்டு அரசுத் தாளை இன்னொரு நாடு தூதரக முத்திரை இல்லாமலே ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. போகும் நாடும் அதில் இருந்தால் மாநில அரசின் சான்றொப்பத்துக்கு மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வில்லை ஒன்று போதும். ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் அதில் உண்டு. சவூதி 2022 டிசம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் சேர்ந்தன. அமீரகம், குவைத், கத்தார் சேரவில்லை. அங்கே போகும் தாளுக்கு அமைச்சகத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய், அதற்கு மேல் கொஞ்சம் சேவைக் கட்டணம். ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர் எதற்காகக் கேட்கிறார் என்று பெற்றோர் கேட்டுக்கொள்ளட்டும். லேமினேஷன் செய்த சான்றிதழில் முத்திரை குத்த முடியாது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்; கொடுக்கும்போதே ‘லேமினேட் பண்ணாதீங்க’ என்று ஒரு வார்த்தை.

கடைசியாகக் காலம். வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். அவர்கள் உங்களிடம் தை, மாசியில் வருவார்கள், அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் இருக்கும். பிரிட்டனுக்குப் போகிறவர்கள் ஆனி, ஆடியில். சிங்கப்பூர்ப் பள்ளி ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கான தாள் கேட்டுப் பெற்றோர் வருவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அப்போது கிராம நிர்வாக அலுவலர் சம்பா வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று பயிர்ச்சேதக் கணக்கு எடுத்துக்கொண்டிருப்பார். அவர்தான் கிராமத்துப் பிறப்புப் பதிவாளரும். அந்த இரண்டு மாதத்தில் வாரம் ஒரு நாள், ஒரு வேளை, பதிவேட்டோடு அலுவலகத்தில் இருப்பார் என்று மாவட்ட நிர்வாகம் நாள் குறித்து வாசலில் ஒட்டிவிட்டால், மக்கள் அந்த நாளில் வந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகை மாவட்டங்களில் பிள்ளைகளின் பயணத் தாள்களை எழுதிக் கொடுப்பவர்கள்